வேலை போனவர்கள் நடத்திய காபிக்கடை

பிரெஞ்சுக்காரர்களின் 'பிஸ்ட்ரோ' என்ற சொல் இப்போது நம் ஊர்களிலும் போர்டு ஏறிவிட்டது. கோவளம் பக்கம் போனாலும் பார்க்கலாம், சென்னை நுங்கம்பாக்கத்திலும் பார்க்கலாம். இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு கரும்பலகை, சுவரில் ஈபிள் கோபுரம் படம். போட்டால் பிஸ்ட்ரோ. விலைப் பட்டியலைப் பார்த்தால் மட்டும் தலை சுற்றும்.

வேடிக்கை என்னவென்றால் பாரீஸில் அந்தச் சொல் பிறந்தபோது அதன் பொருளே மலிவான, சின்னக் கடை என்பதுதான். வாடிக்கையாளன் கூலிக்காரன், குமாஸ்தா, மாணவன். அதே வேலையை நம் பக்கத்தில் யார் செய்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால், நான் குடியிருக்கும் விழிஞ்ஞத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, செங்கல் நிறத்தில் சுருள் சுருளாக நிற்கும் ஒரு கட்டிடம் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தியன் காபி ஹவுஸ். திருவனந்தபுரம் வந்து போன தமிழர்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. ரயிலை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தால் எதிரே நிற்கும். ஆனால் அது எப்படி வந்தது, யாருடைய சொத்து என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். கணக்குப் பார்க்கும் உத்தியோகம் என்பதால் நடுநடுவே முதல், பங்கு, வட்டி என்றெல்லாம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாரீஸ்

பிஸ்ட்ரோ என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். 1814-ல் நெப்போலியனைத் தோற்கடித்து ரஷ்யப் படை பாரீஸுக்குள் வந்தது. மோன்மார்த்ர் குன்றின் மேல் இருந்த கடையில் ரஷ்யச் சிப்பாய்கள் "பிஸ்த்ரோ, பிஸ்த்ரோ" (சீக்கிரம், சீக்கிரம்) என்று அவசரப்படுத்தினார்களாம். அதிலிருந்து பெயர் வந்ததாம். அந்தக் கடைச் சுவரில் இதைச் சொல்லும் பலகைகூட இருக்கிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் அச்சில் தென்படுவது 1880-களில்தான். எழுபது வருஷம் ஒரு சொல் எங்கே ஒளிந்திருந்தது என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இதைவிட உருப்படியான கதை ஒன்று உண்டு. பாரீஸின் சின்னக் கடைகளில் பெரும்பகுதியை நடத்தியவர்கள் பாரீஸ்காரர்களே அல்ல. நடு பிரான்ஸின் மலைப் பகுதியான ஒவெர்ன் என்ற ஏழைச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீர் சுமந்தார்கள். பிறகு விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஒரு மூலையில் நாலு மேசை போட்டு மதுவும் சூப்பும் கொடுத்தார்கள். ஆக, பாரீஸின் அடையாளம் என்று உலகம் கொண்டாடுவது ஊர் விட்டு ஊர் வந்தவன் போட்ட கடை.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. துய்வால் என்ற கசாப்புக்கடைக்காரர் 1855 வாக்கில், சந்தைக் கூலிகளுக்காக இறைச்சியும் அது வெந்த சாறும் மலிவு விலையில் கொடுக்க ஆரம்பித்தார். சாறு என்பதற்கு பிரெஞ்சில் 'பூயோன்'. கடைக்கும் அதே பெயர் நிலைத்தது. சீக்கிரத்தில் பாரீஸ் முழுக்க பூயோன்கள். அவற்றில் பெயர் பெற்றது 1896-ல் இரண்டு சகோதரர்கள் திறந்த ஷார்த்தியே. இன்றும் நடக்கிறது. தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். பில்லை மேசை விரிப்புக் காகிதத்திலேயே எழுதிக் கூட்டுவார்கள். சுவரில் எண் போட்ட சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கும். தினமும் வந்தவர்கள் தங்கள் கைத்துணியை அதில் வைத்துப் போனார்களாம். 1989-ல் பிரெஞ்சு அரசு அந்தக் கட்டிடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

பாரீஸில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது வெறும் வரலாறு அல்ல. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து போன தமிழர்களில் எத்தனை பேர் அந்த நகரத்து உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கி, பிறகு அடுப்படிக்கு உயர்ந்தார்கள் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கரி விற்ற ஒவெர்ன்காரன் விட்ட இடத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை நிற்கிறான். ஊர் மாறினாலும் விதி அதேதான். ஒரு நகரத்துக்குச் சோறு போடுகிறவர்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள்.

காபியை யார் குடிப்பது?

சரி, நம் கதைக்கு வருவோம். காபி ஹவுஸ் ஆரம்பித்தது சாப்பாட்டுக்காக அல்ல, விற்காமல் கிடந்த காபிக்கொட்டைக்காக.

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காபி விலை விழுந்தது. குடகு, சிக்மகளூர், வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்கள் திணறினார்கள். 1935-ல் காபி மேல் ஒரு தீர்வை விதிக்கச் சட்டம் வந்தது. அந்தப் பணத்தை வைத்துக் காபியை விளம்பரம் செய்ய ஒரு குழு. உள்நாட்டில் நாலு பேர் குடித்துப் பழகினால்தான் விற்கும் என்று அவர்கள் கடை திறக்க முடிவு செய்தார்கள். முதல் கடை 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் வந்தது. அடுத்து உலக யுத்தம். கப்பல் போக்குவரத்து கெட்டு ஏற்றுமதிச் சந்தை போனது. 1942-ல் காபிச் சட்டம் வந்து காபி வாரியம் நிலைபெற்றது. விளைந்த காபியெல்லாம் வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கு வர, அதை விற்றாக வேண்டிய கட்டாயம். 1940-களில் நாடு முழுக்க சுமார் 50 காபி ஹவுஸ்கள் ஆயின. கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஆல்பர்ட் ஹால் கட்டிடத்தில் வந்ததும் இந்த 1942-ல்தான்.

தமிழ்நாட்டில் காபிக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்திலேயே நம் நடுத்தர வீடுகளில் பழைய சோற்றைத் தள்ளிவிட்டுக் காபி உட்கார்ந்துவிட்டது. பெரியவர்கள் அதைக் கெட்ட பழக்கம் என்று பத்திரிகைகளில் திட்டித் தீர்த்தும் பயனில்லை. கும்பகோணத்துக்காரனான எனக்கு இதைச் சொல்வதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் நம் ஓட்டல்களுக்கு இன்னொரு முகமும் இருந்தது. அதைச் சொல்லாமல் காபி ஹவுஸின் அருமை விளங்காது.

உள்ளே யார் வரலாம்?

ஓட்டல் என்பது நம் பக்கத்தில் வெறும் வியாபாரம் அல்ல, சாதி விவகாரம். யார் சமைத்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது என்பதெல்லாம் பசியைவிடப் பெரிய கேள்விகளாக இருந்தன. பிராமணர் ஓட்டல்களில் உள்கட்டு வேறு, வெளிக்கட்டு வேறு. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து பெரியாரின் திராவிடர் கழகத்தார் பல மாதங்கள் மறியல் செய்து சிறை சென்றார்கள். சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழித்து நடந்தது இது.

திருவிதாங்கூரில் நிலைமை இன்னும் கடுமை. அரசாங்கமே ஊட்டுப்புரைகள் நடத்தியது. அங்கே இலவசச் சாப்பாடு பிராமணர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிராமணர்களும் அதில் நிறையவே சாப்பிட்டிருக்கிறார்கள். உழுதவனும் மீன் பிடித்தவனும் கட்டிய வரியில் நடந்த பந்தி அது. அவர்களுக்கு அதில் இடமில்லை. இதற்கு எதிர்ப்பும் இந்த மண்ணிலேயே கிளம்பியது. 1917-ல் கொச்சி ராஜ்ஜியத்துச் செறாயியில் சகோதரன் ஐயப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். 'மிஸ்ரபோஜனம்' என்று பெயர். சேர்ந்து சாப்பிட்ட குற்றத்துக்காகச் சொந்தச் சாதிக்காரர்களே அவரை ஒதுக்கினார்கள். 'புலையன் ஐயப்பன்' என்று ஏளனம் செய்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். 1936 நவம்பரில்தான் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. பம்பாயில் முதல் காபி ஹவுஸ் திறந்ததும் அதே வருஷம்தான்.

இப்போது காபி ஹவுஸை நினைத்துப் பாருங்கள். அரசு வாரியத்தின் கடை. பரிமாறுகிறவர் வெள்ளைச் சீருடை, விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகை. கேட்டால் ஆம்லெட் கிடைக்கும், கட்லெட் கிடைக்கும். உள்கட்டு, வெளிக்கட்டு கிடையாது. காசு கொடுத்தவன் உட்காரலாம், ஒரே கோப்பையோடு ஒரு மணி நேரம் பேசலாம். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது சாதாரணமல்ல.

1957: கடை மூடுகிறது

1950-களின் நடுவில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடும் முடிவுக்கு வந்தது. நாடு முழுக்க ஊழியர்களுக்கு வேலை நீக்க நோட்டீஸ். பரிமாறுபவர், சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர். அதிகம் படிக்காதவர்கள். வேறு தொழில் தெரியாதவர்கள்.

அப்போது காபி வாரியத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தியவர் ஏ.கே. கோபாலன். கேரளத்தில் எல்லோருக்கும் ஏ.கே.ஜி. கண்ணூர் பெரளசேரிக்காரர், 1904-ல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1952 முதல் மக்களவையில் கம்யூனிஸ்ட் குழுவின் தலைவர். சட்டம் படித்தவர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும்: விசாரணையில்லாமல் காவலில் வைப்பதை எதிர்த்து 1950-ல் உச்ச நீதிமன்றம் போன 'ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்' வழக்கு அவருடையதுதான்.

மூடாதே என்று கோஷம் போடுவது ஒரு வழி. ஏ.கே.ஜி. சொன்னது இன்னொரு வழி. "மூடட்டும், நாமே எடுத்து நடத்துவோம்" என்பதுதான் அந்த யோசனையின் சாரம். ஊழியர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைப்பது, வாரியம் கைவிடும் கடையை அந்தச் சங்கம் நடத்துவது. முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் பெங்களூரில் அமைந்தது. தொழிலாளர்கள் நடத்திய முதல் காபி ஹவுஸ் அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் திறந்தது. கேரளத்தில் முதல் கடை 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் திறந்தது. திறந்து வைத்தவரும் ஏ.கே.ஜி.தான். இங்கே அமைப்பு வேலையைச் சுமந்தவர்களில் முக்கியமானவர் நடைக்கல் பரமேஸ்வரன் பிள்ளை. சங்கத்தின் செயலாளராக இருந்து வேலை போனவர்களில் அவரும் ஒருவர். பிற்காலத்தில் இந்த வரலாற்றைக் காபி ஹவுஸின் கதையாக மலையாளத்தில் புத்தகமாகவே எழுதினார். கேரளத்தில் இரண்டு சங்கங்கள் அமைந்தன. தெற்குக்கும் நடுப்பகுதிக்கும் திருச்சூர் சங்கம், மலபாருக்குக் கண்ணூர் சங்கம். திருவனந்தபுரம் கடைகள் திருச்சூர் சங்கத்தைச் சேர்ந்தவை.

ஒரு வங்கிக்காரனாக இந்த இடத்தில் நான் நின்று யோசிப்பேன். 1957-ல் வேலை போன ஒரு சர்வர் வங்கிக்கு வந்து, "நாங்கள் இத்தனை பேர் சேர்ந்து ஓட்டல் நடத்தப் போகிறோம், கடன் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடமானம் வைக்க நிலம் இல்லை. ஜாமீன் போட ஆள் இல்லை. 14 பெரிய வங்கிகள் தேசியமயமாகி, சிறு தொழில்காரனுக்கும் கடன் என்ற பேச்சு வந்ததே 1969-ல்தான். கதவுக்கு வெளியேதான் நிறுத்தியிருப்போம். அவர்களிடம் இருந்த சொத்து மூன்று. தொழில் தெரியும். வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஓட்டல் என்பது அன்றாடம் ரொக்கம் புழங்கும் தொழில்: பாலும் முட்டையும் கடனில் வாங்கினாலும் சாயங்காலத்துக்குள் காசாகிவிடும். எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் முதல் இரண்டும் ஏறாது. ஆனால் அந்த இரண்டுதான் கடையை நிறுத்தின.

கூட்டுறவின் விதி எளிது. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. கம்பெனியில் பணம் ஓட்டுப் போடும், கூட்டுறவில் ஆள் ஓட்டுப் போடுவான். லாபம் வந்தால் ஒரு பகுதி சேமிப்பு நிதிக்கு, மிச்சம் உறுப்பினர்களுக்கு. நஷ்டம் வந்தால் அதுவும் அவர்கள் தலையில்தான். மேசை துடைப்பவரும் நாளைக்கு நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கலாம். கேரளத்துக் காபி ஹவுஸ்களில் சுவரில் ஏ.கே.ஜி. படம் தொங்குவதைப் பார்த்து, இது கட்சிக் கடை போல என்று நம் ஆட்கள் சிலர் நினைக்கிறார்கள். அது நன்றிக்கு மாட்டிய படம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சுருள்

தம்பானூர் கட்டிடத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். யுத்த காலத்தில் சீனாவில் மருத்துவச் சேவை செய்து, ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945-ல் தொழுநோயாளர் இல்லங்கள் கட்ட இந்தியா வந்தவர், கேரளத்து மருத்துவரான எலிசபெத்தை மணந்து, இமயமலையில் பித்தோராகட்டில் பல வருஷம் இருந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் தங்கினார். 2007-ல் இங்கேயே காலமானார். அவரும் ஊர் விட்டு ஊர் வந்தவர்தான்.

பேக்கருடைய கொள்கை சிக்கனம். சுவருக்குப் பூச்சு வேண்டாம், செங்கல்லே அழகு. ஜன்னலுக்குப் பதில் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டும் ஜாலி: காற்றும் வரும், வெளிச்சமும் வரும், செலவும் மிச்சம். தம்பானூரில் கிடைத்ததோ கைக்குட்டை அளவு இடம். சாதாரணமாகக் கட்டினால் மாடிப்படிக்கே பாதி இடம் போய்விடும். அவர் மாடிப்படியையே ஓட்டலாக்கிவிட்டார். நடுவில் ஒரு உருளை. அதைச் சுற்றிச் சாய்தளம் ஒன்று சுருளாக மேலே ஏறுகிறது. சாய்தளத்தின் வெளிப்பக்கம் சுவரை ஒட்டி, கட்டிடத்தோடு சேர்த்தே கட்டிய மேசைகளும் இருக்கைகளும். இன்ன இடத்தில் தரைத்தளம் முடிந்து முதல் மாடி ஆரம்பிக்கிறது என்று சொல்லவே முடியாது. சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், காலியாக இருக்கும் மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

நாற்காலி கிடையாது என்பதால் உடைவதும் இல்லை, களவு போவதும் இல்லை, இழுத்துப் போட்டு இடத்தை அடைப்பதும் இல்லை. ஏசி இல்லாமலே கொஞ்சம் குளுமை. பரிமாறுகிறவர்களுக்கு மட்டும் கால் வலி உத்தரவாதம்: ஒரு கையில் நாலு தட்டோடு அந்தச் சாய்வில் நாள் முழுக்க ஏறி இறங்குவதைப் பார்த்தால்தான் தெரியும். கட்டிடக்கலை மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து வரைந்துகொண்டு போகிறார்கள். அவர்கள் வரைபடத்தில் அந்தக் கால்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு இதில் பிடித்தது, நல்ல கட்டிடம் என்பது பணக்காரனுக்கு என்ற எண்ணத்தை அது உடைப்பது. கோவளம் கடற்கரைக் குன்றில் சார்லஸ் கொரியா வடிவமைத்த அரசு ஓட்டல் 1970-களில் வந்தது. அதுவும் அருமையான கட்டிடம். ஆனால் அதற்குள் போக அறை வாடகை கொடுக்கும் வசதி வேண்டும். பேக்கரின் கட்டிடத்துக்குள் போக ஒரு காபி விலை போதும்.

சிவப்பு மசாலா தோசை

சாப்பாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி மசாலா தோசை. பிரித்துப் பார்த்தால் உள்ளே மசாலா செக்கச் செவேல் என்று இருக்கும். பீட்ரூட்! உருளைக்கிழங்கோடு பீட்ரூட் சேர்த்த மசாலா இங்கே காபி ஹவுஸின் முத்திரை. கட்லெட்டிலும் பீட்ரூட் உண்டு. கூடவே வெங்காயமும் தக்காளி சாஸும். பிரெட் ஆம்லெட், நெய் ரோஸ்ட், பிரியாணி என்று பட்டியல் நீளும். ஆனால் எந்த ஊர்க் காபி ஹவுஸுக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே பட்டியல், அதே தடித்த வெள்ளைக் கோப்பை.

கவனித்தால் இது ஒரு வினோதக் கலவை. கட்லெட்டும் ஆம்லெட்டும் வெள்ளைக்காரன் கிளப்பிலிருந்தும் ரயில்வே கேன்டீனிலிருந்தும் வந்தவை. தோசை உடுப்பி வழி. தலைப்பாகை துரை வீட்டு பட்லர் வழி. ஆண்டான் வீட்டு மேசையில் நின்ற உடுப்பைப் போட்டுக்கொண்டு, தன் சொந்தக் கடையில் நிற்கிறார் அந்தத் தொழிலாளி. தலைப்பாகைப் பட்டையின் நிறத்தை வைத்துப் பதவி தெரியும்.

காபியைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று சொல்லலாமா? வேண்டாம், நியாயமாகச் சொல்கிறேன். பித்தளை டபராவில் நுரையோடு வரும் நம் டிகிரி காபி வேறு ஜாதி. இங்கே வருவது கொஞ்சம் மெலிதானது. ஆனால் இது டீக்கடைகளின் தேசம். மூலைக்கு மூலை சாயக்கடை இருக்கும் ஊரில் காபியை மட்டும் பெயரில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒரு கடை நிற்பதே பெரிய விஷயம். டீக்கடையில் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். இங்கே உட்காருவார்கள். பெண்கள், குழந்தைகள், ரயிலுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அதில் நிறைய. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைதான் மாறியது, ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கல்யாண ஜவுளிக்கும் திருவனந்தபுரம் வரும் பழக்கம் மாறவில்லை.

காபி ஹவுஸ் என்றால் பேச்சு

மற்ற ஊர்களில் இந்தப் பெயருக்கு வேறு பெருமைகளும் உண்டு. கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் கடை இலக்கியக்காரர்களின் மடம். அதைப் பற்றி மன்னா டே பாடிய பாட்டு வங்காளிகளுக்குத் தேசிய கீதம் மாதிரி. டெல்லி கன்னாட் பிளேஸில் அரசியல் பேசிப் பேசியே புகழ்பெற்ற காபி ஹவுஸ் எமர்ஜென்சியின்போது, 1976-ல், இடிக்கப்பட்டது. ஒரு காபிக்கடையைக் கண்டு அரசாங்கம் பயந்திருக்கிறது! புதுச்சேரி நேரு வீதிக் காபி ஹவுஸ் 2001-ல் வெளிவந்த யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையிலேயே வருகிறது. ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊரில், உலகம் படித்த ஒரு கதை பிரெஞ்சு உணவகத்தில் ஆரம்பிக்காமல் தொழிலாளர் கூட்டுறவுக் காபிக்கடையில் ஆரம்பிக்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

தம்பானூர் கடைக்கு அப்படிப்பட்ட இலக்கியப் புகழ் குறைவு. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் யார் கவிதை எழுதுவார்கள்? அதன் இடம் வேறு. நகரத்துக்குள் வரும் எவனுக்கும் முதல் வாசல் அது. கையில் பெட்டியோடு, மொழி தெரியாமல், எங்கே சாப்பிட்டால் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயத்தோடு இறங்குகிறவன் தைரியமாக நுழையக்கூடிய இடம். வெளியூர் போய்ப் பிழைத்த குடும்பங்களுக்கு இந்தப் பயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1924-ல் தொடங்கிய ஆனந்த பவனும், 1947-ல் தொடங்கிய கோமள விலாஸும் அங்கே போய் இறங்கிய தமிழனுக்கு இதைத்தான் செய்தன. அவை நம் ஊர் ருசியைக் காட்டித் தைரியம் கொடுத்தன. காபி ஹவுஸ் யாருடைய ஊர் ருசியையும் காட்டாமல் எல்லோருக்கும் தைரியம் கொடுத்தது.

இனி?

கேரளத்தில் ஒரு கட்டத்தில் 50 கிளைகளைத் தாண்டிய இந்தக் கடைகளுக்கு இப்போது சுலபமான காலம் அல்ல. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது, உட்கார்ந்து சாப்பிடுவதையே நம்பியிருந்த எல்லாக் கடைகளும் அடிபட்டன. அன்றாட ரொக்கத்தில் ஓடும் தொழிலுக்கு ரொக்கம் நின்றால் மூச்சே நின்ற மாதிரி. இப்போது மந்தி கடைகள், செல்போனில் ஆர்டர் செய்தால் வாசலுக்கு வரும் சாப்பாடு, ஏசி கஃபேக்கள் என்று போட்டி பல.

பிரச்சினையின் அடி வேர் ஒரு கணக்கு. விலையை ஏற்றினால் வாடிக்கையாளன் போய்விடுவான், ஏற்றாவிட்டால் சம்பளம் கொடுக்க முடியாது. தனியார் முதலாளி என்றால் ஆளைக் குறைப்பான். இங்கே ஆள்தான் முதலாளி. வேலையைக் காப்பாற்றவே பிறந்த அமைப்பு ஆளைக் குறைத்து லாபம் காட்ட முடியாது. வங்கி மொழியில் இதைப் பலவீனம் என்று எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதப் பயிற்சி பெற்றவன். ஆனால் அதே பலவீனம்தான் 1958-லிருந்து இதை நிற்க வைத்திருக்கிறது. நஷ்டம் வந்த வருஷம் கடையை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போக இங்கே யாருக்கும் அவசரம் இல்லை. போக வேறு இடமும் இல்லை.

பாரீஸில் பூயோன்கள் கிட்டத்தட்ட அழிந்தே போயின. மிஞ்சியவற்றில் ஷார்த்தியேயைக் கட்டிடத்தின் அழகும் சுற்றுலாப் பயணிகளும் காப்பாற்றினார்கள். 2017-க்குப் பிறகு பிகால் பகுதியில் தொடங்கி மறுபடியும் புதிய பூயோன்கள் வந்து, வாசலில் வரிசை நிற்கிறது. மலிவாக, மரியாதையாக, உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்ற தேவை எந்த ஊரிலும் தீர்வதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

எங்கள் விழிஞ்ஞத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய் மன்னர்கள் காலத்துத் துறைமுகம், பிறகு நூற்றாண்டுக் கணக்கில் மீனவர் ஊர். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வங்காளம், ஒடிசா, தமிழ்நாடு என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களை நம்பிக் கடைகளும் வரும். கடல் தெரியும் மொட்டை மாடியில் 'பிஸ்ட்ரோ' என்று போர்டு வைத்த கடை வருமா என்று கேட்டால் கண்டிப்பாக வரும். கிரேன் ஓட்டுகிறவனும் கப்பலில் கயிறு கட்டுகிறவனும், ஊரிலிருந்து பார்க்க வந்த பெண்டாட்டி பிள்ளைகளோடு கூச்சமில்லாமல் நுழையக்கூடிய கடை வருமா? அதை யார் நடத்துவார்கள்? எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. 1957-ல் வேலை போன சர்வர்கள் ஒரு பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைவிட நல்ல பதில் சொன்னதாக நான் பார்க்கவில்லை.

அடுத்த முறை பத்மநாபசுவாமி தரிசனத்துக்கோ, பிள்ளைகளின் லீவுக்கோ திருவனந்தபுரம் வருகிறவர்கள் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோ பிடிக்காதீர்கள். ரோட்டைக் கடந்து அந்தச் சுருளுக்குள் ஏறுங்கள். குழந்தைகளை மேலே ஓட விடுங்கள், அவர்களுக்கு அது மாடி அல்ல, விளையாட்டு. ஒரு கட்லெட், ஒரு சிவப்பு மசாலா தோசை, ஆளுக்கொரு காபி. பரிமாறுகிறவரை "சேட்டா" என்று கூப்பிடுங்கள், கூடவே இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்: இந்தக் கடைக்கு முதலாளி கல்லாவில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, தட்டு எடுத்து வருகிறவரும் முதலாளிதான்.